அம்மன் வந்த அளவுக்கு ரோடு

டவுனை விட்டுக் கிராமத்துப் பக்கம் குடிபோகிறோம் என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், நான் அவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். "உங்க வீட்டு வாசல் வரைக்கும் சாமி வருமா?" அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர், அதுவும் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வேதக்காரி, வயசான காலத்தில் இப்படி ஆகிவிட்டாளே என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி எங்கே நிற்கும், தெருவிளக்கு எரியுமா எரியாதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் சாமி வருமா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. நாங்கள் டவுனில், கடற்கரைக்குப் போகிற தெரு ஒன்றில், மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் பிரெஞ்சுப் பள்ளிக்கூட ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை முசே என்றுதான் கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். ஒருநாள் வீட்டு ஓனர் வந்து, வீட்டுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, வாசலில் ஒரு ஓட்டைச் சைக்கிளைச் சாய்த்துவைத்து, சனி ஞாயிறு வருகிற சென்னைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னார். அந்தச் சமயம் பார்த்துத்தான் என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ், படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓனர் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம், இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்களை மாடியிலிருந்து இறக்கினார்கள்.

பிரான்சில் இருக்கிற மகள் வீடியோவில் வந்து, "மம்மா, கிராமத்துப் பக்கம் போங்க, நல்ல காத்து" என்றாள். அவள் சொன்னது உண்மை. நல்ல காற்று இருந்தது. அது ஒன்றுதான் எந்த ஆபீசுக்கும் நடக்காமல் வீடு தேடி வந்தது.

உழவர்கரை தாண்டினால் பத்து நிமிஷம் என்று புரோக்கர் சொன்ன இடத்தில் ஒரு தரைவீடு வாங்கினோம். ஊர் ஓரத்தில், வயலைப் பிளாட் போட்டு 'நகர்' என்று போர்டு வைத்த இடம். போர்டு வாசலில் பெரிதாக இருந்தது. நகர் அதற்குப் பின்னால் எட்டு வீடாக இருந்தது. எங்களுடையது கடைசி வீடு. மெயின் ரோட்டிலிருந்து அங்கே போக ஒரே ஒரு சந்து, ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். அந்தச் சந்து பாண்டிச்சேரியில் கிளம்பும். நடுவில் ஒரு பனைமரம் நிற்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் தமிழ்நாடு. அப்புறம் எங்கள் நகர் தொடங்கும் இடத்தில் மறுபடி பாண்டிச்சேரி. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் எந்த மேசையில் உட்கார்ந்து இந்தக் கோட்டைப் போட்டார்களோ, என்னத்தைக் குடித்துவிட்டுப் போட்டார்களோ, எனக்குத் தெரியாது. அதற்கான தலைவலி எங்களுக்கு வந்தது.

இங்கே கிராமம் என்றால் கொம்யூன். டவுனில் முனிசிபாலிட்டி செய்ய வேண்டியதை எல்லாம் கிராமத்தில் கொம்யூன் பஞ்சாயத்து செய்ய வேண்டும். செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. குப்பைக்கு பேட்டரி வண்டி வரும். மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று பிரித்து வைக்கச் சொல்லி விசில் ஊதும். நான் கணக்கு டீச்சர், சொன்னால் சொன்னபடி பிரித்துவைப்பேன். வண்டிக்காரம்மா இரண்டு வாளியையும் வாங்கி ஒரே சாக்கில் கொட்டிவிட்டு, "நாளைக்கும் இப்படியே பிரிச்சி வையிங்க டீச்சர்" என்று போவார். அந்த வண்டியும் பனைமரம் வரைக்கும்தான். அதற்கு மேல் தமிழ்நாட்டுக் குப்பையோடு எங்கள் குப்பை கலந்துவிடும் என்று பயமோ என்னவோ. வாளி இரண்டையும் தூக்கிக்கொண்டு நான்தான் பனைமரத்துக்கு நடக்க வேண்டும். தெருவிளக்கு பகலில் நன்றாக எரிந்தது. வீட்டு வரி கட்டச் சொல்லும் ஆள் மட்டும் எந்தக் கோட்டையும் பார்க்காமல் நேராக வாசலுக்கு வந்தார்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும், எல்லா ரோடும் மோசமில்லை. மெயின் ரோட்டில், எல்லையை ஒட்டி ஒரு பிராந்திக்கடை இருக்கிறது. அங்கே போகிற வழி வழுவழு என்று தார் ரோடு, பக்கத்துக்குப் பக்கம் விளக்கு. அந்தப் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் இருட்டில் தடுமாறாமல் வந்துபோக வேண்டுமே. என் கணவர் ஆட்டோவில் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து, "டயாலிசிஸ் மெஷினை இங்க வெச்சிருக்கலாம்" என்பார்.

நாங்கள் குடிவந்த புதிதில், ஆடி மாதம், ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள். மாரியம்மனுக்குச் செடல் திருவிழா, வரி வாங்க வந்திருக்கிறோம் என்றார்கள். வேட்டியும் துண்டுமாக, நெற்றி நிறையத் திருநீறோடு வாசலில் நின்றார்கள். நான் மரியாதையாகத்தான் சொன்னேன். "நாங்க வேதக்காரங்கங்க. கோயில் வரியெல்லாம் குடுக்குறதில்ல." அவர்களும் மரியாதையாகத்தான், "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷர்கள், வற்புறுத்தவில்லை பார் என்று நான் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அட புத்திசாலியே!

ஐப்பசி வந்தது, மழை வந்தது, சந்து போனது. போனது என்றால் போயே போனது. செம்மண்ணும் களியும் சேர்ந்து, காலை வைத்தால் செருப்பை வாங்கிக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தந்தது. எப்போதும் வருகிற ஆட்டோக்காரத் தம்பி பனைமரத்தடியில் வண்டியை நிறுத்தி, "அக்கா, இதுக்கு மேல வந்தா வண்டியும் போவும், ஐயாவும் போவாரு" என்றார். அதனால் போகும்போதும் வரும்போதும் என் கணவர் அந்தச் சேற்றில் நடந்தார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ஒரு கை என் தோளில், இன்னொரு கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. டயாலிசிஸ் முடிந்து வருகிற மனுஷனுக்கு உடம்பில் பலமே இருக்காது. தலை சுற்றும், கால் நடுங்கும். ஒருநாள் தமிழ்நாட்டுப் பகுதியில் வழுக்கி விழுந்துவிட்டார். கட்டுப் போட்ட கை சேற்றில் ஊன்றியது. "மோன் தியே" என்று மட்டும் சொன்னார், கடவுளே என்பதைக்கூட பிரெஞ்சில்தான் கூப்பிடுவார். நான் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு பேரும் மழையில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

எதிர்வீட்டுக்காரியும் அவள் புருஷனும்தான் ஓடி வந்து தூக்கினார்கள். அவர்கள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த விவசாயக் குடும்பம். பிளாட் போட்ட வயலில் பாதி அவர்களுடையதாக இருந்தது. இப்போது அவன் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனிக்குப் போகிறான், அவள் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள். கை கொடுத்துத் தூக்கிவிட்டு, கையோடு வாயும் கொடுப்பாள். "ஏன் டீச்சரம்மா, சேத்துல உக்காந்து ஜோடியா நாத்து நடுறீங்களா?" என்றாள். அடிபட்டு விழுந்த மனுஷனே சிரித்துவிட்டார்.

மறுநாள் கொம்யூன் ஆபீசுக்குப் போனேன். கவுன்சிலர் யாராவது இருந்தால் அவர் சட்டையைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். எங்கள் பாண்டிச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் என்பது எப்போதோ நடந்து முடிந்த கல்யாணம் மாதிரி. போட்டோ இருக்கிறது, மாப்பிள்ளையைக் காணோம். ஆகவே சண்டை போடக்கூட ஆள் கிடையாது, அதிகாரி மட்டும்தான். அதிகாரி நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். சுவரில் இருந்த வரைபடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"மேடம், உங்க வீடு நம்மளுது. உங்க வீட்டுக்கு வர்ற வழி நம்மளுது இல்ல. அந்த எடம் நம்ம ஜூரிஸ்டிக்ஷன்ல வரல."

"வீட்டுக்கு வரி வாங்குறீங்களே சார்?"

"வீடு நம்மளுதாச்சே."

"அப்ப நாங்க வீட்டுக்கு எப்படிப் போறது? மேலேர்ந்து இறங்குறதா?"

"எழுதிக் குடுங்க மேடம், மேல அனுப்புறேன்" என்றார். மேலே என்று அவர் சொன்னதும் நானும் மேலே பார்த்தேன். மின்விசிறி ஓடாமல் தொங்கியது.

எழுதிக் கொடுத்துவிட்டு, கையோடு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துக்குப் போனேன். அங்கே தேர்தல் நடக்கிறது, தலைவர் இருக்கிறார். தலைவர் ஒரு அம்மாள் என்று போர்டில் எழுதியிருந்தது. நாற்காலியில் அந்த அம்மாளின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அம்மாள் எங்கே என்று கேட்டேன். "சமைக்குது, சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"நீங்க ஓட்டு எங்கம்மா போடுறீங்க?"

"பாண்டில."

"ஓட்டு அங்க போடுவீங்க, ரோடு இங்க கேப்பீங்களா? நல்லா இருக்குதே ஞாயம்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். கொம்யூனில் அதுவும் இல்லை. இப்படியே அந்த மழைக்காலம் முழுக்க இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில் நான் நடந்தேன், சேற்றில் அவர் நடந்தார். டாக்டர், இனி ஒரு தடவை அந்தக் கை அடிபட்டால் வேறு இடத்தில் ஊசி போட வழி பார்க்க வேண்டும், அது சுலபமில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த ஐப்பசிக்குள் வாசலுக்கு வண்டி வந்தாக வேண்டும். இல்லையென்றால் இந்த வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மறுபடி டவுனில் ஒரு பொந்து தேட வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை.

கோடை வந்து சந்து காய்ந்தது. சேறு காய்ந்தால் பள்ளம் போய்விடுமா? மாட்டு வண்டித் தடம், டிராக்டர் தடம் எல்லாம் கல்லாக இறுகிக்கிடந்தது. ஒருநாள் எதிர்வீட்டுக்காரி பால் ஊற்றும்போது, "அடுத்த மழைக்கும் இதே கதிதான் போல" என்று நான் புலம்பினேன். அவள் பால் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ வரி குடுக்கல, ரோடு வரல. அதுக்கு ஏன் டீச்சரம்மா ஊரு ஊரா நடந்த?"

"வரி குடுக்காமயா? வீட்டு வரி, தண்ணி வரி எல்லாம் கட்டிட்டேன்."

"அது கவுர்மெண்டு வரி. நான் ஊரு வரிய சொல்றேன். செடலுக்கு கேக்க வந்தாங்களே, வேதக்காரங்கன்னு சொல்லித் தொரத்திட்டியே."

"தொரத்தலம்மா, மரியாதயாதான் சொன்னேன்."

"அதான் அவங்களும் மரியாதயா வுட்டுட்டாங்க."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஊரில் ஒரு குடும்பம் என்றால் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி கொடுத்தால்தான் அந்த வீடு ஊரில் இருப்பதாக அர்த்தம். செடல் அன்றைக்கு அம்மன் தலைக்கட்டு வீடுகள் இருக்கிற தெரு வழியாக வருவாள். அம்மன் வருகிற தெருவில் பள்ளம் இருக்கக் கூடாது. அதனால் வருஷா வருஷம் செடலுக்கு முன்னால், அம்மன் போகிற வழி எல்லாவற்றுக்கும் ஜல்லியும் செம்மண்ணும் கொட்டி உருளை ஓட்டிவிடுவார்கள். யார்? கொம்யூன்தான். எல்லை தாண்டினால் அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து. கோயில் ஒன்று, ஊர் இரண்டு பக்கமும் கிடக்கிறது. தன் பக்கத்துப் பள்ளத்தில் அம்மன் சாய்ந்தாள் என்கிற பழியை எந்த அரசாங்கமும் சுமக்காது. எங்கள் நகரில் எதிர்வீட்டுக்காரியைத் தவிர மற்ற எல்லாரும் என்னைப் போல் டவுனிலிருந்து வந்த மேதாவிகள். ஒருவரும் வரி கொடுக்கவில்லை. அவள் வரியைப் பழைய தெருவில் இருக்கிற மாமனார் வீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே ஊர் கணக்கில் எங்கள் நகரே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். "ஆதார் இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, ஓட்டு இருக்கு, நான் இருக்கேன்னு காட்ட இன்னும் என்னாதான் வேணும்?" என்று கத்தினேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "தட்டு வேணும். தேங்கா வேணும். வாசல்ல நிக்கணும்" என்றாள்.

அன்று மாலை அவரிடம் சொன்னேன். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இது பாவத்துல சேருமா?" என்று நானே கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ரோடு கேக்குறது பாவம்னு எந்த ஞாயித்துக்கெழமை பிரசங்கத்துலயும் நான் கேட்டதில்ல" என்றார்.

மறுநாள் திருவிழாவை நடத்துகிற ஊர்ப் பெரியவர் வீட்டுக்கு நானே போனேன். போன ஆடியில் ரசீதுப் புத்தகத்தோடு வந்தவர்களில் முன்னால் நின்றவர் அவர்தான். "ஐயா, எங்ககிட்ட வரி வாங்கிக்கங்க" என்றேன். ஆபீஸ் ஆபீசாக வரி கொடுத்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாக வரி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மீசைக்குள் சிரித்தார்.

"போன வருசம் வேதக்காரங்கன்னு சொன்னீங்களே டீச்சர்?"

"இப்பவும் வேதக்காரங்கதான்."

"அட, இருங்களேன். யாரு வேணான்னா? ஊருக்குள்ள வேதக்காரத் தெருவுல எல்லா வூடும் குடுக்குறாங்க. மாதா தேருக்கு நாங்க போயி தோள் குடுக்கல? நீங்களா வேணான்னீங்க, சரின்னு வந்துட்டோம்."

அதாவது இந்த ஒரு வருஷமும் வழியில் நின்றது மாரியம்மனும் இல்லை, மாதாவும் இல்லை. நான்தான். போகட்டும், அதை அவரிடம் ஒத்துக்கொள்ள எனக்கு என்ன தலையெழுத்தா? ரசீதை வாங்கிக்கொண்டு, மற்ற வீடுகளுக்கும் நானே ஏறி இறங்கினேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு தம்பி, "மேடம், இதெல்லாம் சூப்பர்ஸ்டிஷன்" என்றார். "தம்பி, ஒங்க கார் அடிப்பக்கம் இடிக்கிறது சூப்பர்ஸ்டிஷனா?" என்று கேட்டேன். கொடுத்துவிட்டார்.

செடலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன், சந்தில் ஒரே இரைச்சல். எட்டிப் பார்த்தால் என் கண்ணையே நம்ப முடியவில்லை. இந்தப் பக்கம் கொம்யூன் டிராக்டர் ஜல்லி கொட்டுகிறது. அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஜேசிபி மண்ணைத் தள்ளுகிறது. தலைவர் அம்மாளின் வீட்டுக்காரர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு லோடு போடுறா, அம்மா வர்ற எடம்" என்று கத்துகிறார். கொம்யூன் அதிகாரி குடை பிடித்துக்கொண்டு நின்றார். நான் நேராக அவரிடம் போனேன்.

"வணக்கம் சார். இப்ப ஜூரிஸ்டிக்ஷன் வந்துடுச்சா?"

"இது திருவிழா வேலை மேடம்" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

இரண்டு அரசாங்கமும் பனைமரத்தடியில் இருக்கிற எல்லைக்கல் வரைக்கும் கச்சிதமாக வேலை பார்த்தன. கச்சிதம் எந்த அளவுக்கு என்றால், கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் அகலத்துக்கு யாருமே தொடாத பள்ளம் ஒன்று அப்படியே கிடந்தது. அது உன்னுடையது, இல்லை உன்னுடையது என்று இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து அதை மூடினார்கள்.

செடல் அன்றைக்கு அவருக்கு டயாலிசிஸ் நாள். காலையில் போனால் மதியத்துக்குள் வந்துவிடலாம், சாயங்காலம்தானே ஊர்வலம் என்று கணக்குப் போட்டிருந்தேன். தலைக்கட்டு வீட்டு வாசலில் தட்டோடு ஆள் நிற்க வேண்டும், இல்லையென்றால் அம்மன் அதற்கு முந்தின வீட்டோடு திரும்பிவிடுவாள் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அதனால் நான் வீட்டில் இருந்தேன். எதிர்வீட்டுக்காரியின் புருஷன் கம்பெனிக்கு லீவு போட்டு அவரோடு ஆட்டோவில் போனான். அன்றைக்குப் பார்த்து ஆஸ்பத்திரியில் மெஷின் ஒன்று மக்கர் பண்ணி, எல்லாருக்கும் நேரம் தள்ளிப்போய்விட்டது. அவர் இல்லாமல், தேங்காய் பழம் வைத்த தட்டோடு, மாரியம்மனுக்காக வாசலில் காத்திருக்கிறேன். என்ன பிழைப்பு இது என்று எனக்கே தோன்றியது.

சாயங்காலம் பம்பைச் சத்தம் சந்துக்குள் நுழைந்தது. இந்தக் காலத்தில் அம்மன் டிராக்டரில்தான் வருகிறாள். பின்னால் ஜெனரேட்டர், சுற்றிலும் சீரியல் பல்பு, வேப்பிலைத் தோரணம். அலகு குத்தினவர்களும், முதுகில் கொக்கி மாட்டிச் செடல் போட்டவர்களும் முன்னால் வர, ஊரே சந்தை அடைத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் என் போன் அடித்தது. எதிர்வீட்டுக்காரியின் புருஷன்.

"டீச்சர், ஆட்டோ பனமரத்துகிட்ட நிக்குது. சாமி முன்னால போவுது. ஐயாவுக்கு மயக்கமா இருக்குதுங்குறாரு."

ரோடு இல்லாதபோது வண்டி வரவில்லை. ரோடு வந்த அன்றைக்கு ரோடு முழுக்க அம்மன். அடடா, என்ன அருமையான ஏற்பாடு! தட்டோடு ஓடினேன். பழம் ஒன்று எங்கேயோ விழுந்தது. டிராக்டருக்கு முன்னால் போய்ப் பெரியவரை மறித்தேன். "ஐயா, வண்டிய கொஞ்சம் பின்னால எடுங்க. எங்க வீட்டுக்காரரு ஆட்டோல இருக்காரு, முடியல" என்றேன்.

"டீச்சர், அம்மா கெளம்பிட்டா பின்னால போவக் கூடாது. அது ஆவாது" என்றார். முகத்தைப் பார்த்தால் பிடிவாதம் இல்லை, நிஜமாகவே தவித்தார். "ஓரமா ஒதுங்க எடமும் இல்லியே."

"அப்ப அவர் அங்கியே கெடக்கணுமா? இந்த ரோட்ட எதுக்குப் போட்டீங்க?" என்று நான் கத்தினேன். அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பம்பை நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

டிராக்டர் மேல் நின்றிருந்த பூசாரிதான் பேசினார். "என்னா பேச்சு பேசிக்கினு. ஐயாவத் தூக்கி மேல ஏத்துங்கடா."

அடுத்த நிமிஷம் நாலு பேர் பின்னால் ஓடினார்கள். ஆட்டோவிலிருந்து அவரை அப்படியே கைகளில் ஏந்தி, கூட்டத்தின் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, டிராக்டரில் அம்மன் காலடியில் உட்காரவைத்தார்கள். எதிர்வீட்டுக்காரி ஏறி அவர் முதுகைத் தாங்கிக்கொண்டாள். வழியில் இருந்த வீட்டுக்காரர்களிடம் பெரியவர், "சீக்கிரம் கற்பூரம் காட்டுங்க, சீக்கிரம், ஐயாவுக்கு முடியல" என்று விரட்டிக்கொண்டே வந்தார். நான் எங்கள் வாசலுக்கு ஓடினேன். தட்டோடு ஆள் நிற்க வேண்டுமே.

டிராக்டர் வந்து எங்கள் வாசலில் நின்றது. மேலே சீரியல் பல்பு வெளிச்சத்தில் மாரியம்மன். கீழே வேப்பிலைக்கு நடுவில் என் கணவர், வெளுத்த முகம், கட்டுப் போட்ட கை, கழுத்தில் யாரோ போட்ட மல்லிகை மாலை. சட்டைப் பைக்கு வெளியே ஜெபமாலை தொங்கியது. பூசாரி, "காட்டுங்கம்மா" என்றார். கற்பூரத்தை ஏற்றிக் காட்டினேன். யாருக்குக் காட்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கண்ணீரில் எனக்கு இரண்டு பேருமே சரியாகத் தெரியவில்லை.

அவரை இறக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். ஊர்வலத்தோடு வந்திருந்த கொம்யூன் அதிகாரி, தலையில் மரியாதைத் துண்டோடு எட்டிப் பார்த்து, "நல்ல ரோடா அமைஞ்சிடுச்சி மேடம்" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. ரொம்ப மெல்லிசாக, ஆனால் பழைய முசேயின் குரல்.

"ஏம்மா. ஜல்லிய அம்மன் போட்டாச்சி. தாருக்கு மாதாவக் கூப்புடு."

ஐப்பசியில் மழை வந்தது. ஆட்டோ வாசல் வரைக்கும் வந்தது. அவர் செருப்பில் சேறு படாமல் போனார், வந்தார். ஆனால் வெறும் ஜல்லி எத்தனை மழைக்குத் தாங்கும்? எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்துகொண்டிருக்கிறது. ஆட்டோக்காரத் தம்பி ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கி என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரைப் போய்ப் பார்த்தேன். மாதா தேர் எங்கள் நகர் பக்கம் வர வேண்டும் என்றேன். "அங்க எத்தன கத்தோலிக்க வீடும்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான் ஃபாதர். ஆனா எட்டு வீட்டு வாசல்லயும் மெழுகுவர்த்தியோட நிப்பாங்க" என்றேன். எதிர்வீட்டுக்காரி எல்லாருக்கும் சேர்த்து ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டாள்.